அரக்கில் பதிந்த பெயர்கள்

பழம்பொருள் சேகரிப்போருள் நாணயத்தை நாடுவோர் பலர். தபால்தலையை நாடுவோர் அதனினும் பலர். முத்திரைத் தொங்கல்களை நாடுவோர் சிலரே. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக் கனவான்கள் இடுப்புப் பையிற் கடிகாரத்தை வைத்து, அதன் சங்கிலியில் வெளியே தெரியத் தொங்கவிட்ட சிறு முத்திரைகளையே குறிப்பிடுகின்றோம்.

அவை வெறும் அலங்காரமல்ல. 1840ஆம் ஆண்டுக்கு முன் அங்கே தபாற் கட்டணம் தாள்களின் எண்ணிக்கையையும் தூரத்தையும் பொறுத்திருந்தது. உறையும் ஒரு தாளாகவே கணிக்கப்பட்டமையால், கடிதத்தையே மடித்து, அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை பதித்தனர். 1840இல் பென்னித் தபால் வந்தது. நிறையே கட்டணத்துக்கு அளவாயிற்று. பசை தடவிய உறைகள் பரவ, முத்திரை தன் தொழிலை இழந்து அணியாக மட்டும் எஞ்சியது. முதலாம் உலகப் போரின் பின் கைக்கடிகாரம் பெருவழக்காகவே அதுவும் அருகிற்று.

சூதுபவளம் முதலிய கற்களில் எழுத்துக்களும் குலச்சின்னங்களும் இடவலம் மாறிக் குழிவாக வெட்டப்பெறும். அரக்கிற் பதித்தாலன்றி வேலைப்பாடு விளங்காது. கல்லை மட்டும் பார்த்து விலை பேசுவோன் பாதியையே பார்த்தவனாவான்.

கல்லுக்குப் பதிலாகக் கண்ணாடியும் உண்டு. கிளாஸ்கோவுக்கு அருகே பிறந்த ஜேம்ஸ் டாசி (1735–1799) என்பார், பழைய செதுக்குக் கற்களின் பிரதிகளை இலண்டனிற் கண்ணாடிக் குழம்பில் வார்த்து விற்றார். ருஷியப் பேரரசி கதரீனும் அவரிடம் ஒரு பெருந்தொகுதி பெற்றாள். 1791இல் வெளியான அவரது பட்டியலில் ஏறத்தாழ 15,800 உருப்படிகள் உள. அதனைத் தொகுத்த ராஸ்பே என்பவரே மன்சௌசன் பிரபுவின் புளுகுக் கதைகளையும் எழுதியவர் என்பது வேடிக்கை! டாசியோ பிரதியைப் பிரதி என்றே சொல்லி விற்றார்.

அவ்வாறு சொல்லாதவர் ஒருவரும் இருந்தார். போலந்தின் கடைசி மன்னரின் தமையன் மகனான ஸ்தனிஸ்லாஸ் பொனியதோவ்ஸ்கி இளவரசர், 2,500க்கு மேற்பட்ட செதுக்குக் கற்களை வைத்திருந்தார். பல கற்களிற் பண்டைக் கிரேக்கக் கலைஞரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவர் 1833இல் இறந்தபின், 1839இல் இலண்டன் கிறிஸ்ரீஸ் ஏலத்தில் அவை விற்கப்பட்டன. ஜோன் டிரெல் என்பார் ஏறத்தாழ 1,200 கற்களைத் தமதாக்கினார். ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை இளவரசர் காலத்து உரோமநகர்ச் சிற்பிகள் வெட்டியவை என்பது வெளிப்பட்டது; மதிப்புச் சரிந்தது. கற்களோ திக்குத்திக்காகச் சிதறின.

இன்று அவற்றையே அறிஞர் தேடித் தொகுக்கின்றனர். உரோமச் சிற்பியின் கைத்திறத்திற் குற்றமில்லை. தன் பெயரை மறைத்துப் பிறன் பெயரைப் பொறித்ததே குற்றம் என்பது நம் கருத்து. அந்தப் பழியும் சிற்பியைவிட இளவரசரையே அதிகம் சாரும்.

சேகரிக்க விரும்பும் மாணவ அன்பர்கள் பூதக்கண்ணாடி ஒன்றும் அரக்குத் துண்டு ஒன்றும் கையில் வைத்திருத்தல் வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி தென்பட்டால் அது கல்லன்று, கண்ணாடி. பொன்போல் மின்னும் பிடியும் பல வேளைகளில் செம்பும் நாகமும் கலந்த பித்தளையே. பழைய எழுத்துக்களைத் தேய்த்துவிட்டுத் தம் பெயரை வெட்டுவித்துப் பதக்கமாக அணிவோரும் உளர். அவ்வாறு தேய்ந்தழிந்த முத்திரையை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கற்க.