மெதுவாக வாசிப்பதே கடினம்

பியானோ கலைஞரின் திறமையை விரல் வேகத்தைக் கொண்டு அளக்கும் பழக்கம் கேட்பவர்களிடமும் உண்டு, கற்பவர்களிடமும் உண்டு. லிஸ்டின் ‘லா கம்பனெல்லா’வை வாசித்துவிட்டால் சிகரத்தைத் தொட்டதாக எண்ணுகிறார்கள், ஷூமனின் ‘ட்ராய்மெரை’ என்றால் மாணவர் பாடம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த அளவுகோல் தவறு. ஆயுள் முழுதும் வாசிக்கவும் கேட்கவும் துணைவரும் படைப்புகளில் பல, மெதுவாக நகரும் ஓரிரு பக்கப் படைப்புகளே. அவற்றைச் செவ்வனே வாசிப்பதுதான் பியானோவில் ஆகக் கடினமான வேலை.

காரணம் கருவியிலேயே இருக்கிறது. கட்டையை அழுத்தியதும் உள்ளிருக்கும் சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு விலகிவிடும். அந்தக் கணம் முதலே நாதம் தேயத் தொடங்கும். வயலின் வாசிப்பவர் ஒரே ஸ்வரத்தை வில்லால் வளர்க்கலாம், பாடகர் மூச்சால் வளர்க்கலாம். பியானோவில் அதற்கு வழியில்லை. வேகமான இசையில் ஒரு ஸ்வரம் தேய்வதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் இந்தக் குறை தெரியாது. மெதுவான இசையிலோ, மிஞ்சியிருக்கும் நாதத்தைக் காதால் அளந்து, அதற்கேற்ற கனத்தில் அடுத்ததைத் தொட வேண்டும். 1839இல் வெளிவந்த ஷோப்பனின் ஓபஸ் 28 பிரெலூடுகளில் நான்காவதற்கு நீளம் 25 பார்கள்தான். வலது கை பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களில் தவழ்கிறது. இடது கையின் கார்டுகள், அதாவது ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக இறங்குகின்றன. விரல்களுக்கு வேலை குறைவு. ஆனால் எல்லாக் கார்டுகளையும் ஒரே கனத்தில் அழுத்தினால், எந்த ஸ்வரம் இறங்கியது என்பதே கேட்காமல், துயரம் சலிப்பாக மாறிவிடும்.

‘ட்ராய்மெரை’யும் அப்படித்தான். 1838இல் ஷூமன் எழுதிய 13 சிறு படைப்புகளின் தொகுப்பில் அது ஏழாவது. ஒரே சொற்றொடர் மீண்டும் மீண்டும் மேலேறுகிறது. ஏறி நிற்கும் உச்சியோ அதன் கீழுள்ள கார்டோ மாறிக்கொண்டே இருக்கிறது. இடிபோன்ற வாசிப்புக்குப் பேர்போன விளாடிமிர் ஹொரோவிட்ஸ், 1925இல் பிரிந்த தாய்நாட்டுக்கு 1986இல் திரும்பி மாஸ்கோவில் கச்சேரி செய்தபோது இதை வாசித்தார். அரங்கில் கண்ணீர் விட்டவர்களை அந்தக் கச்சேரியின் ஒளிப்பதிவில் இன்றும் பார்க்கலாம்.

அப்படியானால் வேகம் வெறும் வித்தையா என்று கேட்கலாம். இல்லை. ஷோப்பனின் எட்யூடுகள் என்னும் பயிற்சிப் படைப்புகளில் பயிற்சியே இசையாகிவிடுகிறது. அங்கும் வேகம் இசைக்குப் பணிசெய்வதால்தான் அவை நிலைத்தன. எளிய படைப்புகள் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டன என்பது இன்னொரு மறுப்பு. பேத்தோவனின் ‘ஃபியூர் எலீஸ்’ அப்படிப் புளித்ததாகச் சொல்பவர்களில் பலர் கேட்டிருப்பது அதன் தொடக்கத்தை மட்டுமே. இடது கை ஒரே ஸ்வரத்தை விடாமல் தட்ட, கொந்தளித்து எழும் பின்பகுதியை அவர்கள் எட்டுவதே இல்லை. புளித்தது படைப்பல்ல, அரைகுறையாகக் கேட்கும் வழக்கம்.

ஆகவே பியானோ கற்பிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தேர்வு முடிந்ததும் இந்தச் சிறு படைப்புகளை மூடிவைக்கச் சொல்லாதீர்கள். கை தேர்ந்த மாணவரிடம் அவற்றை மறுபடி கொடுங்கள். உண்மையான பாடம் அப்போதுதான் தொடங்குகிறது.