வாலிபரும் ஊர்ப்பணியும்

கல்வியின் பயன் உத்தியோகமே என்று எண்ணிப் பழகியது எமது சமூகம். பரீட்சையிற் சித்தியெய்திப் பதவி பெறும் மாணவனைப் பாராட்ட நாம் தவறுவதில்லை. ஊர்க்கிணறு ஏன் கெட்டது, ஒழுங்கை ஏன் திருத்தப்படவில்லை என்று வினவும் மாணவனையோ, “உனக்கேன் இந்த வேலை? படிக்கிற அலுவலைப் பார்” என்று அடக்கிவிடுகின்றோம். நெடும்போரிலே பிள்ளைகளைப் பறிகொடுத்த மண்ணில், வாலிபர் நால்வர் கூடினாற் பெற்றோர் அஞ்சுவது இயல்பேயாம். அவ்வச்சத்தை எள்ளுதல் அறமன்று. ஆயினும் போர் முடிந்தது 2009ஆம் ஆண்டிலே. அதன்பின் பிறந்தோர் இன்று எமது கல்லூரிகளிற் பயில்கின்றனர். அவர்கட்கும் அச்சத்தையே முதுசமாகக் கொடுத்தல் தகுமா?

வாலிபர் பொதுப்பணியில் இறங்குதல் எமக்குப் புதிதன்று. 1924ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தோன்றியது. பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அதனை முன்னின்று நடத்தியோருள் ஒருவரான ஹன்டி பேரின்பநாயகம் பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கியவர். சைவரும் கிறித்தவரும் ஒன்றாய் அமர்ந்த அம்மன்றம், சிங்களத் தலைவர்களையும் தன் மாநாடுகளுக்கு அழைத்தது. 1927ஆம் ஆண்டு நவம்பரிலே காந்தியடிகளை யாழ்ப்பாணத்திற்கு வரவழைத்தது. சாதியொழிப்பைத் தீர்மானமாக எழுதியதோடு அமையாது, சமபந்திப் போசனத்தில் ஒக்க இருந்து உண்டு காட்டினர் அவ்வாலிபர். அக்காலத்து யாழ்ப்பாணத்தில் அதற்கு வேண்டிய நெஞ்சுரம் சிறிதன்று.

எனினும், அவர்தம் வரலாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று கண்டு, 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு வாலிபர் காங்கிரஸ் அறைகூவியது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. 1934ஆம் ஆண்டு இடைத்தேர்தல் வரை அவ்வாசனங்கள் வெறுமையாயிருந்தன. கொள்கை உயர்ந்ததே, அதனை மறுப்பார் இலர். ஆனால் சர்வசன வாக்குரிமை இந்நாட்டிற்கு வந்ததும் அவ்வாண்டிலேதான். பெண்களும், சொத்தில்லாதோரும், ஒடுக்கப்பட்டோரும் முதன்முதலாகப் பெற்ற வாக்கினை எம்மவர் இட முடியாது போயிற்று. புள்ளடியிடக் காத்திருந்த ஏழை உழவனையும் அவன் மனைவியையும் முன்னரே கேட்டிருப்பின், அவர்கள் என்ன மறுமொழி கூறியிருப்பர்?

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். சமபந்தியிலே வாலிபர் மக்களோடு இருந்தனர். பகிஷ்காரத்திலே மக்களுக்காக முடிவு செய்தனர். எவர் பொருட்டுக் குரலெழுப்புகின்றோமோ அவர்பாற் சென்று முதலிற் கேட்டலே பொதுப்பணியின் அரிச்சுவடி. மேடை அதன்பின் வருவது. கேளாது எழுப்பும் குரல் எத்துணை உரத்ததாயினும் அது பேசுவோன் குரலேயன்றி ஊரின் குரலாகாது.

அண்மைக் காலத்து நிகழ்ச்சியொன்றும் இதனைத் தெளிவாக்கும். குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையினுள்ளே தேங்கும் மழைநீரே எமக்கு உயிர். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளது என்னும் முறைப்பாடு வலுத்த 2015ஆம் ஆண்டிலே, இளைஞர்கள் வீதியில் இறங்கி நீதி கேட்டனர். அக்குரல் பலரைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. ஆயினும் வழக்கிலே துணைநின்றவை கிணற்று நீரைச் சோதித்துப் பெற்ற முடிவுகளே. 2019ஆம் ஆண்டு ஏப்பிரலிலே உயர் நீதிமன்றம், மின்னிலையத்தை நடத்திய கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. கோஷம் கதவைத் தட்டும்; அதனைத் திறப்பது சான்று. கிணறு கிணறாகச் சென்று நீரை எடுத்து, வீடு வீடாகக் கேட்டுக் குறித்துவைத்தல் புகழ் தராத வேலை. வாலிபர் கற்க வேண்டியது அவ்வேலையையே.

அதற்கான கருவிகள் முன்னோரிலும் இன்று எமக்கு மிகுதி. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் அரச அலுவலகத்திடம் விபரம் கோரலாம்; 14 வேலை நாள்களுக்குள் முடிவு அறிவித்தல் அலுவலரின் கடன். 2025ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலிலே வேட்பாளர் பட்டியலில் நாலிலொரு பங்கு இளைஞருக்கென ஒதுக்கப்பட்டது. ஆனால் பட்டியலை நிரப்புதற்கு மட்டும் பெயர் கொடுத்த இளைஞனால் ஊருக்கு என்ன பயன்? பிரதேச சபையின் வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கத் தெரிந்து, சனசமூக நிலையத்திலே அதனை மூத்தோர்க்கு விளக்க வல்லவனே அந்த இடத்திற்குத் தகுதியுடையவன்.

இவ்விழாவாண்டிலே பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மண்டபமும் மதிலும் கட்டித் தந்தீர்கள், கல்லூரி நன்றியுடையது. இனி ஆண்டுதோறும் உயர்வகுப்பு மாணவர் சிலரைத் தேர்ந்து, ஊரின் குறையொன்றை ஆராயும் பணியில் ஈடுபடுத்துங்கள். சட்டமறிந்தோரும், பொறியியலாளரும், வைத்தியரும் உங்களிடையே பலர். பிள்ளைகள் நீரைச் சோதிக்கவும், விண்ணப்பம் எழுதவும், சபையின் முன் பணிவோடும் உறுதியோடும் பேசவும் நீங்கள் அருகிருந்து கற்பியுங்கள். அருகே நீங்கள் நின்றாற் பெற்றோரின் அச்சமும் தணியும்.

மாணவர்காள்! ஊரைத் திருத்தப் புறப்படுமுன் ஊரைக் கேளுங்கள். அயல்வீட்டுக் கிணற்றடியிலிருந்து தொடங்குங்கள். கேட்டறிந்து பேசும் வாலிபரை எந்தச் சபையும் நெடுநாள் புறக்கணித்தல் இயலாது.