சேமலாபப் பணத்துக்கு யார் பொறுப்பு?

1953 ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தாலின்போது டட்லி சேனநாயக்காவின் மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலொன்றிற் கூடியது. எழுபது ஆண்டுகள் நிறைவதற்குள், 2022 ஜூலை 9ஆந் திகதி, இன்னோர் ஆட்சித் தலைவர் மாளிகையைக் கைவிட்டுக் கடற்படைக் கப்பலேறினார். மாளிகைத் தடாகத்தில் இளைஞர்கள் நீந்திக் களித்த காட்சியை உலகம் கண்டது. அதை நினைத்து மகிழ எமக்கு உரிமையுண்டு. ஆயினும் அந்த மகிழ்ச்சியிலேயே இன்னமும் காலங்கழிக்கும் நண்பர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்று: ஓடியவர்கள் விட்டுச் சென்ற கடன் யார் தலையில் ஏற்றப்பட்டது?

நீதிமன்றம் தன் கடமையைச் செய்துவிட்டதே என்பார்கள். உண்மைதான். 2023 நவம்பர் 14ஆந் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பொன்றை வழங்கிற்று. கோட்டாபய, மஹிந்த, பசில் ஆகிய ராஜபக்ஷ சகோதரர் மூவரும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் இருவரும், திறைசேரியின் உயரதிகாரியும், நாணயச் சபையினரும் மக்களின் அடிப்படை உரிமையை மீறினர் என அது கண்டது. 2019இன் வரிக்குறைப்பு, கையிருப்பு கரைந்துகொண்டிருந்தபோதே 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் கடன் முறிக்குப் பணஞ் செலுத்தியமை, சர்வதேச நாணய நிதியத்தை அணுகுவதிற் செய்த தாமதம் எல்லாம் அங்கே ஆராயப்பட்டன. முடிவில் மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக ஆளுக்கு 150,000 ரூபா. நட்டஈடு இல்லை; மனுவில் அது கோரப்படவுமில்லை. ஒரு தேசம் வங்குரோத்தடைந்தமைக்கு நீதியின் விலைச்சீட்டு இவ்வளவே! தீர்ப்பை நான் இகழவில்லை. பொறுப்பாளிகளின் பெயர்கள் நீதிமன்ற ஏட்டில் ஏறியது சிறு காரியமன்று. ஆனால் பெயர் ஏறியவர்களின் பணப்பையிலிருந்து ஒரு சதமேனும் இறங்கவில்லை.

இறங்கியது எவர் பையிலிருந்து என்பதை அறிய வேண்டுமானால் ஊழியர் சேமலாப நிதியத்தைப் பார்க்கவேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினாற் பிறந்த நிதியம் அது. தொழிலாளி தன் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கும், முதலாளி 12 பங்கும் மாதந்தோறும் அதிற் செலுத்துகின்றனர். ஹட்டனிற் கொழுந்தெடுக்கும் பெண்ணும், கட்டுநாயக்காவில் தையல் இயந்திரத்தின் முன் முதுகு வளைந்திருக்கும் யுவதியும், கடைச் சிப்பந்தியும் முதுமைக்கென ஒதுக்கிவைத்த சோறு அது. இதன் பராமரிப்பைச் சட்டம் மத்திய வங்கியின் நாணயச் சபையிடம் ஒப்படைத்தது. அரசுக்குக் கடன் திரட்டிக் கொடுத்ததும் அதே மத்திய வங்கி. கடன் கொடுப்பவனின் பெட்டிச் சாவியை வைத்திருந்ததும் அதே மத்திய வங்கி. ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று நம் பாட்டிமார் சொன்னது இத்தகைய ஏற்பாட்டைப் பற்றித்தான் போலும்.

2015 பெப்ரவரி 27ஆந் திகதி நடந்த பிணைமுறி ஏலத்தை நினைவுகூருங்கள். 100 கோடி ரூபாவுக்கென அறிவிக்கப்பட்ட முப்பதாண்டு முறிகளுக்கு ஏறத்தாழ 1,000 கோடி ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆளுநராக இருந்த அர்ஜுன மகேந்திரனின் மருமகனுடைய கம்பனிக்கு அதிற் பெரும்பங்கு சென்றது. ஆணைக்குழு அமைந்தது, 2017 டிசம்பர் இறுதியில் அறிக்கை கையளிக்கப்பட்டது. அக்கம்பனி இரண்டாந்தரச் சந்தையில் 1,100 கோடிக்கும் மேல் இலாபம் ஈட்டியதாகவும், சேமலாப நிதியம் உள்ளிட்ட பொது நிறுவனங்கள் 850 கோடிக்கும் மேல் இழந்ததாகவும் 2018 ஜனவரி 3ஆந் திகதி ஜனாதிபதி சிறிசேனவே நாட்டுக்கு அறிவித்தார். அதாவது, மலிவாக வாங்கியவன் விலையேற்றி விற்றபோது, வாங்கியவர்களுள் கொழுந்தெடுப்பவளும் ஒருத்தி. அவளுக்கு மட்டும் அது தெரியாது. வழக்குகள் எழுந்தன. முன்னாள் ஆளுநரோ அதற்கு முன்னரே சிங்கப்பூருக்குப் போய்விட்டார். பத்திரிகைகள் மருமகனின் படத்தைப் போட்டன, மந்திரியொருவர் வசித்த மாடிவீட்டின் படத்தைப் போட்டன. அம்மந்திரி 2017 ஆகஸ்டிற் பதவி துறந்தார். நிதியத்தின் அங்கத்தவர் ஒருவரின் படத்தைத் தேடித் தேடிப் பார்த்தும் நான் காணவில்லை.

2023இல் அதே பெட்டி மறுபடியும் திறக்கப்பட்டது. இம்முறை களவாக அல்ல, பாராளுமன்றத்தின் சம்மதத்தோடு. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று அதற்குப் பெயர். நிதியம் தன் கைவசமுள்ள முறிகளைக் குறைந்த வட்டி முறிகளாக மாற்றிக்கொள்ள வேண்டும், இன்றேல் தன் வருமானத்தின் மீது 14 சதவீதத்துக்குப் பதிலாக 30 சதவீத வரி செலுத்தவேண்டும். இதைத் தெரிவு என்று அழைத்தவர்களின் தமிழறிவை மெச்சவேண்டும். வங்கிகளின் முறிகளில் கைவைக்கப்படவில்லை. கைவைத்தால் வங்கிகள் சரிந்துவிடுமாம். தொழிலாளியின் முதுமை சரிந்தால் ஓசை கேளாதல்லவா? குறைந்தபட்சம் 9 சதவீத வட்டிக்கு உறுதி அளித்தோமே என்று பதில் வந்தது. 2022 செப்டெம்பரிற் கொழும்பில் விலைவாசி முந்திய ஆண்டைவிட 70 சதவீதமளவு உயர்ந்திருந்ததை அறிந்தவர்கள்தாம் இப்பதிலைச் சொன்னார்கள். அரிசி விலையில் ஒருமுறை பறிகொடுத்தவளிடம் சேமிப்பிலும் ஒருமுறை பறிக்கப்பட்டது.

இங்கே நம்மவர்களுட் சிலர் தோளைக் குலுக்குவதை அறிவேன். ‘தெற்கத்தியத் தலைவர்கள் அடித்த கொள்ளை, நமக்கென்ன?’ மலையகத் தொழிலாளியின் சேமலாபப் பணம் யாருடைய பணம் என்று இவர்களைக் கேட்கவேண்டும். பொறுப்புக்கூறல் என்ற சொல்லைக் காலிமுகத் திடலிலிருந்து நாம் கற்றதில்லை. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சித் தெருவோரத்திற் பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்த தாய்மார் அதை அதற்கு முன்பே உரத்துச் சொன்னார்கள். தெற்கு அன்று செவிசாய்க்கவில்லை. அக்குறையை நான் மறைக்கமாட்டேன். ஆனால் 1979இல் தற்காலிகம் என்று சொல்லித் தமிழ் இளைஞர்மீது ஏவிய பயங்கரவாதத் தடைச் சட்டமே, 2022 ஆகஸ்டில் மாணவர் தலைவர் வசந்த முதலிகேயைச் சிறையிலிட்டது. ஒருவன்மீது விழும்போது அயலவன் பார்த்திருந்த தடி, பின்னர் அயலவன் முதுகையும் தேடி வந்தது. கணக்குக் கேட்பதிலும் நாம் தனித்தனியாக நிற்கவேண்டுமென்று ஆள்வோர் விரும்புவர்; அவர்கள் விருப்பத்தை நாம் ஏன் நிறைவேற்ற வேண்டும்?

‘2024இல் ஆட்சி மாறிவிட்டது, நமது ஆட்களே வந்துவிட்டார்கள், பொறுத்திருங்கள்’ என்னும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அவ்வாண்டு செப்டெம்பரில் முன்னைய அரசு வெளிநாட்டு முறிக்காரருடன் கொள்கையளவில் முடித்த உடன்பாட்டின் வழியிலேயே டிசம்பரில் புதிய அரசும் முறிகளை மாற்றிக்கொண்டது. வேறு வழியில்லை என்பது அவர்கள் வாதம். இருக்கலாம். அப்படியாயின் வேறு வழி இல்லாமற்போன கதையின் கணக்கையாவது தொழிலாளிமுன் விரித்து வைக்கட்டும். நண்பனிடம் கணக்குக் கேட்கக் கூசுகிறவன் பகைவனிடம் கேட்டதும் பகையினாலேயே என்று ஊர் சொல்லும்.

தொழிலாளர் விழித்தபோது நடந்ததையும் இந்நாடு அறியும். 2011இல் தனியார்துறை ஓய்வூதியத் திட்டமென்ற பெயரில் அவர்கள் சேமிப்பில் கைவைக்கும் மசோதா வந்தது. மே 30ஆந் திகதி கட்டுநாயக்காவில் ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர். பொலிசார் சுட்டனர், ஓர் இளந் தொழிலாளி மாண்டான். பொலிஸ் மா அதிபர் பதவி விலகினார், மசோதா கைவிடப்பட்டது. 2023இல் அத்தகைய எழுச்சி இல்லை. அச்சமும் பசியும் களைப்பும் காரணங்களே. ஆயினும் ‘மறுசீரமைப்பு’ என்ற சொல்லைத் தொழிலாளிக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்ல எத்தனை படித்தவர்கள் லயத்துக்கும் விடுதிக்கும் போனோம்?

அரசாங்க ஆசிரியர்களாகிய எமக்கு ஓய்வூதியம் உண்டு. ஆதலால் இந்நிதியம் பிறர் விவகாரமென்று இருந்துவிட்டோம். எம் முன் வாங்குகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பெயரிலே வரும் சேமலாபக் கணக்குக் கூற்றை, வட்டிக்கணக்குப் பாடத்தன்று வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தொகை எவ்வளவு, வட்டி எவ்வளவு, அவ்வருடம் அரிசியின் விலை எவ்வளவு ஏறியது என்று பிள்ளைகளே கரும்பலகையில் கழித்துப் பார்க்கட்டும். நிதியத்தின் நிருவாகத்தில் தொழிலாளர் தெரிவுசெய்த பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும், வாங்கிய விற்ற ஒவ்வொரு முறியின் விபரமும் மூன்று மொழியிலும் வெளிவரவேண்டும் என்ற கோரிக்கையை, அவர்கள் பெற்றோரின் கையொப்பத்தோடு தொழில் மந்திரிக்கு அனுப்புவதற்கு எமது சங்கங்கள் இவ்வாண்டே முன்வரட்டும்.