கயிற்றின் மறுமுனையில் யார்?

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திவந்த கார் ஆலை 1970களில் ரொம்பவே பெயர் கெட்டுக் கிடந்தது. ஒரு நாளைக்கு ஐந்தில் ஒருவர் வேலைக்கு மட்டம். வந்தவர்களிலும் சிலர் ஷிப்ட் நேரத்திலேயே குடித்தார்கள். எது நடந்தாலும் உற்பத்தி லைன் நிற்கக் கூடாது என்பதுதான் அங்கே சட்டம். ஸ்டீயரிங் இல்லாத வண்டிகூடக் கடைசிவரை உருண்டு வந்ததாக அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொன்னார்கள். 1982இல் நிர்வாகம் ஆலையை மூடியது. பழி தொழிலாளர்கள் மேல் விழுந்தது.

இரண்டே ஆண்டுகளில் அதே கட்டடம் மறுபடி திறந்தது. இந்த முறை டொயோட்டாவுடன் கூட்டு, பெயர் நும்மி. ஆலையை நடத்தும் பொறுப்பு ஜப்பானியர்களுடையது. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்கள்தான், யூனியனும் பழைய யூனியன்தான். ஆனால், மட்டம் போடுவோர் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஆலைகளிலேயே தரத்தில் முன்வரிசைக்கு வந்தது நும்மி.

எப்படி? லைனை ஒட்டி, தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடியது. வேலையில் கோளாறு தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்று வையுங்கள். கயிற்றை இழுத்ததும் விளக்கு எரியும், சின்னதாக ஓர் இசை ஒலிக்கும். குழுத் தலைவர் வந்து, என்ன சிக்கல் என்று கேட்டு, கூடவே நின்று கை கொடுப்பார். அதற்குள் சரியானால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், ஆகாவிட்டால் நிற்கும். யார் செய்த தப்பு என்ற விசாரணை கிடையாது. லைனை நிறுத்தினால் வேலை போய்விடும் என்று பயந்து பழகியவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருந்தது.

குழுத் தலைவர் என்பவரும் கண்ணாடி அறையில் உட்காரும் அதிகாரி இல்லை. நான்கைந்து பேருக்கு ஒருவர், அவர்களைப் போலவே யூனியன் உறுப்பினர். ஆலைத் தலைவருக்கென்று தனி உணவுக்கூடமோ தனி கார் நிறுத்துமிடமோ கிடையாது.

இதை வெறும் தட்டிக்கொடுத்தலாக நினைத்தால் பாதிக் கதைதான் புரியும். வேறு வழியே இல்லாத நெருக்கடி வந்தால் ஒழிய ஆட்குறைப்பு இல்லை, அதற்கு முன் மேலதிகாரிகளின் சம்பளம் குறையும் என்று யூனியனோடு ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோது அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்கள். வேலை இல்லாத நேரத்தில் தொழிலாளர்களுக்குப் பயிற்சி நடந்தது, யாரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. வேலைக்கு உத்தரவாதம் தராத முதலாளி “பயப்படாமல் பேசுங்கள்” என்று சொன்னால் யார் வாய் திறப்பார்கள்?

ஜெனரல் மோட்டார்ஸ் இதே முறையை லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வான் நைஸ் ஆலையிலும் புகுத்திப் பார்த்தது. குழுக்கள் அமைத்தார்கள். ஆனால், எத்தனை வண்டி வெளியே போயிற்று என்பதை வைத்துத்தான் மேலாளர்களை எடைபோட்டார்கள். லைனை நிறுத்தும் தொழிலாளி அவர்கள் கண்ணுக்கு இடைஞ்சலாகத்தான் தெரிந்தார். தொழிலாளர்களிலும் பலர் இதை நிர்வாகத்தின் சூழ்ச்சி என்றே சந்தேகித்தார்கள். 1992இல் அந்த ஆலை மூடப்பட்டது.

சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் ‘கைசன்’ (தொடர் மேம்பாடு) என்ற ஜப்பானியச் சொல் இன்று எல்லோருக்கும் பழக்கம். சுவரில் போஸ்டர் இருக்கிறது, ஆலோசனைப் பெட்டி இருக்கிறது. காலைக் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் ஒருவரை நிற்கவைத்துத் திட்டும் வழக்கமும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது. மேலாளர்கள் ஒரு சின்னக் கணக்கு எடுத்துப் பார்க்கலாம். போன மாதம் “சார், இது நான் செய்த தப்பு” என்று எத்தனை பேர் தாமாக வந்து சொன்னார்கள்? ஒருவரும் இல்லை என்றால், ஆளை மாற்றுவதற்கு முன் அந்தக் காலைக் கூட்டத்தை மாற்றுங்கள்.