முடி உதிரவில்லை, ஒடிந்தது

"உங்களுக்கு ஹீமோகுளோபின் கம்மியா இருக்கும் மேடம், அதான் கொட்டுது."

இதைச் சொன்னது டாக்டர் இல்லை. என் தலையில் க்ரீம் தடவிக் காசு வாங்கிய பார்லர்க்காரம்மா. அடுத்த தடவை போனபோது காரணம் மாறிவிட்டது, எங்கள் வீட்டுத் தண்ணீர் உப்பாம். அப்புறம் என் தலையணை உறை, என் ஷாம்பு, ராத்திரி நான் கண் விழிப்பது, கடைசியில் என் பரம்பரை. என் அம்மாவுக்கு அறுபது தாண்டியும் இடுப்புக்குக் கீழே பின்னல் தொங்குகிறது என்றேன். "அது அந்தக் காலத்து உடம்பு மேடம்." எதற்கும் பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். அவர்கள் தடவிய டப்பா மட்டும் எந்தப் பதிலிலும் வரவே வராது.

ரத்தம் சோதித்தாயிற்று. ஹீமோகுளோபின் சரியாகத்தான் இருக்கிறது. தோல் டாக்டர் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, நான் கவரில் போட்டுக் கொண்டுபோன முடியை வெள்ளைத்தாளில் பரப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தார். தானாக உதிர்கிற முடி வேரிலிருந்து வரும், ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருக்கும். என்னுடையதில் குமிழே இல்லை. இரண்டு முனையும் பிய்ந்த முனை. விரல் நீளத்திலும் அரை விரல் நீளத்திலும் துண்டு துண்டாக. சிலவற்றில் நடுவே வெள்ளைப் புள்ளிகள், அந்த இடத்தில் நார் நாராகப் பிரிந்து நிற்கிறது. "இது உதிர்ந்ததில்லம்மா, ஒடிஞ்சது" என்றார். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் பொதுவாக நடுமுடி இப்படி வெடித்து ஒடியாது. என் உடம்பின் மேல் இத்தனை நாள் போட்ட பழியெல்லாம் பொய் என்று அந்தத் தாளிலேயே கிடந்தது.

என்னதான் செய்தார்கள் என்று அதற்குப் பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். முடி, கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைக் குறுக்கே பிடித்துக் கட்டியிருப்பவை கந்தகப் பிணைப்புகள். என் முடி சுருண்டு நின்றதற்கும், பிடித்து இழுத்தாலும் அறாமல் இருந்ததற்கும் அவைதான் காரணம். ஸ்ட்ரெய்ட்டனிங் க்ரீமில் உள்ள தயோகிளைகோலேட் அந்தக் கட்டுகளை அவிழ்க்கிறது. பிறகு 180 டிகிரிக்கும் மேலே சூடேறிய தகட்டால் முடியை நேராகத் தேய்க்கிறார்கள். அதன்மேல் நியூட்ரலைசர் போட்டு, நேராக இருக்கிற நிலையிலேயே கட்டுகளை மறுபடி போடுகிறார்கள். அவிழ்ந்தது எல்லாம் திரும்பக் கட்டப்படுவதில்லை. க்ரீம் நேரம் கடந்து தலையில் இருந்தால் அவிழ்வது இன்னும் அதிகம். கை கால் ரோமத்தைக் கரைத்து வழித்தெடுக்கும் க்ரீமில் இருப்பதும் இதே தயோகிளைகோலேட் வகைதான். அதில் காரம் கூடுதல், பிஎச் 12 வரை. ஸ்ட்ரெய்ட்டனிங்கில் 9 சொச்சம். ஒரே பார்லரில், ஒரே அலமாரியில் இரண்டும் இருக்கின்றன. ஒன்று ரோமத்தைக் கரைக்க, இன்னொன்று கூந்தலை அழகாக்க!

இதில் ஒரு வார்த்தை என்னிடம் சொன்னார்களா? "சில்க்கி ஆயிடும் மேடம், ஷைனிங் வந்துடும், சீப்பே தேவைப்படாது" என்றார்கள். கல்யாண சீசன் ஆஃபர் என்றார்கள். ஏற்கெனவே தலைக்குச் சாயம் போட்டிருக்கிறீர்களா, பாக்கெட் மருதாணி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கற்றையில் முதலில் தடவி, முடி தாங்குகிறதா என்று பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. க்ரீம் தடவிக்கொண்டிருந்த பெண்ணைப் பாதியில் யாருக்கோ புருவம் திருத்தக் கூப்பிட்டுக்கொண்டார்கள். என் தலை காய்ந்துகொண்டிருந்தது. "எரியுதுங்க" என்றேன்.

"எரிஞ்சாத்தான் மேடம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. இருபது வயதுகூட இருக்காது. கையில் உறை கிடையாது, மூக்குக்கு மறைப்பு கிடையாது. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. அவளுக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. தம்பி கல்யாண ஆல்பத்தில் என் தலை விளம்பரத்தில் வருவதுபோல் மின்னுகிறது. அந்த ஆல்பத்தை இப்போது நான் திறப்பதில்லை. முதலில் நுனி வெடித்தது. பிறகு, குளித்துவிட்டு ஈரத்தலையைக் கோதினால் முடி நீண்டுகொண்டே வந்து பட்டென்று அறுந்தது. வேரிலிருந்து புதிதாக முளைத்த முடி என் சொந்தச் சுருட்டை, அதற்குக் கீழே செத்த நேர்முடி. இரண்டும் சேருகிற இடத்தில்தான் அதிகம் ஒடிந்தது. பின்னினால் பின்னல் எலிவால். பூ வைத்தால் நிற்காது, ஊசி குத்தினால் ஊசியோடு முடியும் வரும். தோள்வரை வெட்டினேன், பிறகு காதுவரை. தெருவில் பார்ப்பவர்கள் "முடி இறக்கினீங்களா? பழனியா, திருப்பதியா?" என்று விசாரிக்கிறார்கள். சாமிக்குக் கொடுத்திருந்தால் புண்ணியமாவது மிஞ்சியிருக்கும்.

மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் முடி வளரும். என் இடுப்புவரை மறுபடி வர நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆறு மணி நேரம் உட்கார வைத்து அதை எடுத்துக்கொண்டார்கள்.

என்னை அந்த நாற்காலிக்கு அனுப்பியவர்களையும் நான் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் "சாயிபாபா", "காக்காக் கூடு". பெண் பார்க்க வந்த வீட்டு அம்மாள், "பொண்ணு லட்சணம்தான், முடியை மட்டும் கொஞ்சம் நேராக்கிட்டா எடுப்பா இருக்கும்" என்றார், பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு. 1977இல் 'பதினாறு வயதினிலே' படத்தில் ரஜினிக்குப் பரட்டை என்று பெயர் வைத்தார்கள், ஆம்பிளைக்கு அது ஸ்டைலாகிவிட்டது. பொம்பளைக்குப் பரட்டை என்றால் வரனே தட்டிப்போகும். எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்து, என் சுருளைச் சுருளாகவே பார்த்துப் பின்னிவிட்டது இந்த ஊரில் என் அம்மா ஒருத்திதான்.

இப்போது கேளுங்கள், இதற்குப் பரிகாரமாக அவர்கள் சொன்னதை. முதலில் ஹேர் ஸ்பா. தோலுக்கு வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாது. உயிரில்லாததற்குக் காயம் ஆறுவது ஏது? கண்டிஷனர் மேலே ஒரு பூச்சாக நின்று வழவழப்புக் காட்டும், அவ்வளவுதான். அடுத்து, "கெரட்டின் ட்ரீட்மென்ட் பண்ணிக்கங்க மேடம், போன புரோட்டீன் திரும்பி வந்துடும்." அந்தப் பெயரில் விற்றவற்றில் பலவற்றுக்குள் வேலை பார்த்தது ஃபார்மால்டிஹைட், பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் இருப்பது. அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. 'ஃபார்மால்டிஹைட் இல்லாதது' என்று லேபிள் ஒட்டிய சரக்கிலேயே அது இருந்ததை 2010இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை கண்டுபிடித்தது. சூடான தகடு பட்டதும் அது ஆவியாகி எழுகிறது. காசு கொடுப்பவள் ஒருநாள் மூச்சில் இழுக்கிறாள், அந்த விரல் உரிந்த பெண்ணோ தினமும் இழுக்கிறாள்.

ஃபார்மால்டிஹைடுக்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலமும் லேசுப்பட்டதில்லை. ஒவ்வொரு முறை அந்த க்ரீமால் முடியை நேராக்கிக்கொண்ட பிறகும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 26 வயதுப் பெண்ணைப் பற்றி 2024இல் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். மூன்று முறை நடந்தது. 2022இல் அமெரிக்காவில் 33,497 பெண்களைக் கிட்டத்தட்ட 11 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு வெளியானது. முடியை நேராக்கும் ரசாயனங்களைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வர வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம் என்று கணித்தார்கள். தொடர்பு தெரிகிறது, இதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பயன்படுத்தியவர்களில் ஐந்தில் மூன்று பேர் கறுப்பினப் பெண்கள். சுருட்டை முடியைக் கேவலம் என்று சொல்லிக்கொடுக்கும் ஊர் எங்கள் ஊர் மட்டுமில்லை போலிருக்கிறது.

"போனது முடிதானே, மறுபடி வளரும்" என்கிறார் என் மாமா. வழக்கா போடப்போகிறாய் என்று சிரிக்கிறார். ஆமாம் மாமா, போடத்தான் போகிறேன். டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டல் சலூனில் முடியைத் தப்பாக வெட்டியதற்கு 2021இல் தேசிய நுகர்வோர் ஆணையம் இரண்டு கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்தது, கேட்ட தொகையை அப்படியே கொடுக்க முடியாது, நஷ்டத்துக்கு ஆதாரம் வேண்டும் என்று சொல்லி. எனக்கு இரண்டு கோடி வேண்டாம். ஆதாரம் என்ற அந்த வார்த்தைதான் என் வயிற்றெரிச்சல். என் கையில் இருக்கும் பில்லில் 'ஹேர் சர்வீஸ்' என்று மட்டும் போட்டிருக்கிறது. என்ன க்ரீம், எந்தக் கம்பெனி, எத்தனை நிமிடம், ஒன்றும் கிடையாது. கடையில் வாங்கும் தலைச்சாயப் பாக்கெட்டில்கூட முதலில் தோலில் சோதித்துப் பார்க்கச் சொல்லி எச்சரிக்கை அச்சடித்திருக்கிறார்கள். நாலு மடங்கு காசு வாங்கிக்கொண்டு கிண்ணத்தில் கலக்கி வந்த அந்த வெள்ளைக் களிம்பின் டப்பாவை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

பில்லில் இல்லாவிட்டால் என்ன? டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கிறது. ஒடிந்த முடி தேதி எழுதிய கவர்களில் இருக்கிறது. காசு அனுப்பிய போன் கணக்கு இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்குமான புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும்.

எனவே பார்லர்க்காரம்மா, இலவச ஸ்பா கூப்பன் அனுப்பாதீர்கள். என் தலையில் தடவியது எந்தக் கம்பெனி சரக்கு, அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எத்தனை நிமிடம் விட்டீர்கள், தடவுவதற்கு முன் எந்தச் சோதனை செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தர மாட்டேன் என்றால் அதையும் தாளில் எழுதியே கொடுங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன்.