கயிற்றை அவிழ்த்து விடுங்கள்: ஓடுபவரின் இதயமும் ஓர் அமானிதமே

பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருப்பதை நபி (ஸல்) அவர்கள் கண்டு, அது என்னவென்று வினவினார்கள். அது ஜைனப் (ரலி) அவர்களுடையது என்றும், நின்று தொழுது களைப்புற்றால் அதைப் பற்றிக்கொள்வார்கள் என்றும் தோழர்கள் கூறினர். கயிற்றை அவிழ்த்து விடுமாறு நபியவர்கள் பணித்தார்கள். உற்சாகம் உள்ளவரை நின்று தொழ வேண்டும், சோர்ந்தால் அமர்ந்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியை வணக்கத்தில் நடுநிலை பேணும் பாடத்தில் மாணவர்களுக்கு எடுத்துரைக்கிறோம். ஓட்டப் பயிற்சியில் இறங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இதே பாடம் இன்று தேவைப்படுகிறது.

விருதுநகரிலும் சிவகாசியிலும் சாத்தூரிலும் சுபுஹுத் தொழுகை முடிந்து வெளியே வந்தால், இருள் பிரியுமுன்னரே சாலையோரம் ஓடுவோரைக் காண்கிறோம். சிலர் காவலர் தேர்வுக்காக ஓடுகின்றனர். அதில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் கடந்தாக வேண்டும். சிலர் இராணுவத் தேர்வுக்காக ஓடுகின்றனர். சர்க்கரை நோய்க்கு அஞ்சி நடக்கத் தொடங்கி, மாரத்தான் பதக்கங்களில் ஆர்வம் கொண்டுவிட்ட நாற்பது வயதினரும் உள்ளனர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களில் உடலைத் தேய்த்த ஒரு தலைமுறையின் பிள்ளைகள் உடலைப் பேணுவது மகிழ்ச்சிக்குரியது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியுள்ளார்கள். ஸலமா இப்னுல் அக்வஉ (ரலி) அவர்கள் கால்வேகத்தால் புகழ்பெற்ற தோழர். எனவே ஓட்டத்தை நாம் குறை கூறவில்லை.

நம் கவலையெல்லாம் ஓடுபவர் மறைத்து வைக்கும் இதயத் துடிப்புக் கோளாறைப் பற்றியதே.

2023 ஜூலை 23 அன்று மதுரையில் நடந்த இரத்த தான விழிப்புணர்வு மாரத்தானில் ஓடிய 20 வயதுப் பொறியியல் மாணவர் ஒருவர், ஓடி முடித்த பின் நலம் குன்றி, அரசு இராஜாஜி மருத்துவமனையில் உயிரிழந்தார். நம் மாவட்டத்துக்கு அடுத்த ஊரில் நிகழ்ந்த துயரம் இது. தேர்ந்த வீரர்களும் இதற்கு விலக்கல்லர். 2007 நவம்பர் 3 அன்று நியூயார்க்கில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் மாரத்தான் தகுதிப் போட்டியில் ரயன் ஷே என்ற வீரர் பாதியிலேயே விழுந்து இறந்தார். அவருக்கு வயது 28. இயல்பைவிடப் பெரிதாகியிருந்த அவரது இதயத்தில் எழுந்த துடிப்புச் சீர்கேடே காரணமென்று பிரேதப் பரிசோதனை காட்டியது.

இதனால் அஞ்சி ஓடாமல் இருந்துவிடத் தேவையில்லை. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய ஏறத்தாழ 1 கோடியே 9 இலட்சம் பேரை ஆராய்ந்ததில், 59 பேருக்கே இதயம் நின்றது. அவர்களில் 42 பேர் இறந்தனர். ஆபத்து அரிது. ஆயினும் அது யாருக்கு வரக்கூடும் என்பதற்கான அடையாளங்கள் பல நேரங்களில் முன்னரே தெரிந்துவிடுகின்றன.

இதயத்தில் குழாயும் உண்டு, மின்சாரமும் உண்டு. குழாய் அடைபட்டால் வருவது மாரடைப்பு. மின்னோட்டம் பிசகினால் வருவது துடிப்புக் கோளாறு. நெடுந்தூரம் ஓடிப் பழகியவரின் நாடி ஓய்வில் 60-க்குக் கீழே, சிலருக்கு 40 அளவிலும் இருக்கும். தலைசுற்றலோ மயக்கமோ இல்லையெனில் அது பெரும்பாலும் பயிற்சியின் விளைவே. ஆனால் ஆண்டுக்கணக்கில் கடும் பயிற்சி செய்வோர் சிலருக்கு இதயத்தின் மேலறைகள் விரிந்து, துடிப்பு ஒழுங்கின்றி நடுங்கத் தொடங்குகிறது. அங்கு தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரலாம். ஸ்வீடனில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியில் பங்கேற்ற 52,755 பேரை ஆராய்ந்தபோது, ஒரு முறை பங்கேற்றவரைவிட ஐந்து முறையோ அதற்கு மேலோ பங்கேற்றவருக்குத் துடிப்புக் கோளாறு ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. மிதமான ஓட்டம் மருந்தைப் போன்றது. மருந்துக்கும் அளவு உண்டல்லவா?

இளையோரைத் தாக்குவது பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்த கோளாறு. அவற்றுள் ஒரு வகையில் கடும் ஓட்டமும், மற்றொரு வகையில் திடீரென எழும் பேரொலியும் துடிப்பைக் குலைக்கக்கூடும். வெடிச்சத்தம் அன்றாடமாகிவிட்ட நம் பகுதியினர் இதை அறிந்திருக்க வேண்டும். இத்தகைய கோளாறுகள் குடும்பவழி வருபவை. அவற்றுள் சில, நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் வெளிப்பட வாய்ப்பு கூடுதல். இருந்தும், சிறிய தகப்பனாரோ மாமன் மகனோ இளவயதில் திடீரென இறந்திருந்தால், “தக்தீர்” என்ற ஒரு சொல்லோடு பேச்சை முடித்துவிடுகிறோம். தக்தீரை நம்புவது ஈமான். காரணத்தை விசாரிக்காமல் அடுத்த பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புவது அலட்சியம்.

பிள்ளைகள் ஏன் மறைக்கின்றனர்? ஓடும்போது கண் இருண்டதைச் சொன்னால் பயிற்சியாளர் நிறுத்திவிடுவார், அரசு வேலை கைநழுவும் என்று அஞ்சுகின்றனர். பெற்றோரும் மறைக்கின்றனர், “இதயக் கோளாறு உள்ளவர்” என்ற பெயர் வந்தால் நிக்காஹ் பேச்சு முறிந்துவிடும் என்று தயங்குகின்றனர். இந்த அச்சங்கள் பொய்யல்ல. ஆனால் இந்த உடல் அல்லாஹ் தந்த அமானிதம். வேலைக்காகவும் வரனுக்காகவும் அதைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை. குறையை மறைத்து வரன் முடிப்பது மறுவீட்டாருக்கு இழைக்கும் துரோகமுமாகும்.

ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, காரணமின்றிப் படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிற்க வேண்டும். மருத்துவர் பார்க்கும்வரை மீண்டும் ஓடக்கூடாது. குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடங்கள் போதும். தேவைப்பட்டால் எக்கோவும், 24 மணி நேரத் துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர் சோதனையும் செய்வார்கள். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது, மதுரையும் தொலைவில்லை.

நோய் உறுதியானாலும் வாழ்க்கை முடிந்துவிடாது. மாத்திரையால் கட்டுப்படுபவர் உண்டு. தவறான மின்துடிப்பு எழும் இடத்தைக் கதீட்டர் வழியே செயலிழக்கச் செய்து குணம் பெறுபவரும் உண்டு. மருத்துவர் அனுமதியுடன் மீண்டும் ஓடுபவர் பலர். துடிப்பைத் தணிக்கும் மாத்திரை உண்பவர் பழைய வேகத்தை எதிர்பார்க்கலாகாது. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உண்பவர் கீழே விழாமல் கவனமாக இருக்க வேண்டும். சிலருக்கு ஓட்டம் அறவே கூடாது என்பார்கள். அவர்களுக்கு நடைப்பயிற்சி இருக்கிறது.

ரமளானில் கூடுதல் கவனம் தேவை. நீரும் உப்புச்சத்தும் குறைந்தால் துடிப்பு பிசகலாம். நம் பகுதியின் வெயிலோ கேட்கவே வேண்டாம். நோன்பு நோற்றபடி கடும் பயிற்சி செய்வதும், மாத்திரை வேளையைத் தாமே மாற்றிக்கொள்வதும் தவறு. நோயாளிக்கு அல்பகரா அத்தியாயம் வழங்கும் சலுகை அல்லாஹ்வின் அருட்கொடை. அதை ஏற்பது ஈமானின் குறைவன்று.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஜுமுஆவுக்குப் பின் மருத்துவரை அழைத்து, இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முறையை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். 108 வண்டி வந்து சேரும்வரை அருகில் இருப்பவரின் கைகளே அவருக்குத் துணை.

தேர்வு அடுத்த ஆண்டும் வரும். சோர்ந்தபோது அமரச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்த நாம், வேலை, வரன், பதக்கம் என்று நம் பிள்ளைகளைக் கட்டி நிறுத்தியிருக்கும் கயிறுகளை முதலில் அவிழ்த்து விடுவோம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தையும், அதைப் பேணும் நல்லறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.