படமாக வரும் எச்சரிக்கை

வெள்ள எச்சரிக்கையைப் படமாகவோ, படத்துக்கு நிகரான பீடிஎஃப் கோப்பாகவோ வெளியிடுவது அறிவித்தல் ஆகாது. "நாங்கள் அறிவித்துவிட்டோம்" என்று பின்னர் விசாரணையில் சொல்லிக்கொள்ள அது உதவலாம். கரையில் இருப்பவனுக்கு உதவாது. கடுமையான கூற்றுத்தான். காரணங்களைக் கேட்டபின் வாசகர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

குறிஞ்சாக்கேணியில் இருந்து எழுதுகிறேன். மகாவலி கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடா எங்கள் அயல். மன்னம்பிட்டியில் இன்று ஏறும் நீர் பின்னர் எங்கள் பக்கமே இறங்குகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்து, மூதூர்ப் பக்கத்துக் கிராமங்கள் நீரில் அமிழ்ந்தன. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

மேலே நீர் எவ்வளவு என்பதை நீர்ப்பாசனத் திணைக்களம் அளக்காமல் இல்லை. நிலையத்தின் பெயர், எச்சரிக்கை மட்டம், சிறு வெள்ள மட்டம், பெருவெள்ள மட்டம், தற்போதைய நீர்மட்டம், ஏறுகிறதா இறங்குகிறதா என்னும் குறிப்பு ஆகிய அனைத்தும் ஓர் அட்டவணையில் உண்டு. கொட்டும் மழையிலும் அளப்பவர்கள்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த அட்டவணை பல ஆண்டுகளாகப் பீடிஎஃப் கோப்பாகவே மக்களிடம் வந்திருக்கிறது. மனிதக் கண் அதை வாசிக்கும், கணினியோ திணறும். நள்ளிரவு இரண்டு மணிக்கு எந்த மனிதக் கண் விழித்திருக்கும்?

ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்கப் புவியியல் அளவாய்வு நிறுவனம் நிலநடுக்கத் தரவை, கேட்ட எவருக்கும், எளிய எழுத்துக் கோப்பாகத் தருகிறது. ஒரு நடுக்கத்துக்கு ஒரு வரி, புலங்களுக்கிடையே காற்புள்ளி, ஐந்தாம் புலம் நடுக்கத்தின் அளவு. 'கேர்ல்' கட்டளை கோப்பைக் கொண்டுவரும். 'ஓக்' என்னும் சிறு கருவி ஐந்தாம் புலத்தை எடுத்து ஏழுடன் ஒப்பிடும். மிஞ்சினால் மணி ஒலிக்கும். பத்து வரிக்குள் அடங்கும் இந்த ஷெல் நிரலைக் கலைப் பட்டதாரியாகிய நானே எழுத முடிகிறது. 2004 டிசம்பர் 26 காலை 6.58க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நடுங்கியது. அலை எங்கள் கரைக்கு வர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் கிண்ணியாவுக்கு எச்சரிக்கை எதுவும் வந்து சேரவில்லை. அந்த நேரத்தின் விலை எங்களுக்குத் தெரியும்.

ஷெல் நிரல் எளிதில் உடையும் என்பார்கள். உண்மைதான். தனியே ஆணையிடாவிட்டால் கேர்ல், 'பக்கம் இல்லை' என்னும் பிழைப் பக்கத்தையும் நல்ல பதிலாக ஏற்றுக்கொள்ளும். அதற்குள் 'வெள்ளம்' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. நிரலும் ஆபத்தில்லை என்று உறங்கிவிடும். பதில் வராமையும் ஆபத்து இல்லாமையும் வெவ்வேறு. ஆகவே பதில் வராவிட்டாலும் மணி ஒலிக்க வேண்டும். வந்த வரியின் நேரத்தையும் பார்க்க வேண்டும்; நேற்றைய மட்டம் இன்றைய மட்டம் ஆகாது. இடப்பெயருக்குள் காற்புள்ளி வந்தால் அதன்பின் புலக்கணக்குத் தவறும். தரவு ஜேசன் வடிவில் வந்தால் 'கிரெப்' கொண்டு துழாவாமல், அதற்கென்றே உள்ள 'ஜேக்யூ'வை ஏவ வேண்டும். இவையெல்லாம் ஒரு மாலையில் கற்கத்தக்கவை. படமாக்கிய அட்டவணையின் குறையை எந்தக் கற்றலும் முற்றாகத் தீர்க்காது. அங்கே ஒரு தசமப்புள்ளி மறைந்தால் 3.5 மீற்றர் 35 ஆகிவிடும்.

"செயலி செய்து தருகிறோமே" என்பது மற்றொரு வாதம். செயலி ஒரே வாசல். அதன் சாவி செய்தவரிடம் இருக்கும். எழுத்துக் கோப்போ பொதுக் கிணறு. பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கும், பாடசாலை அதிபரின் கைபேசிக்கும், கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் அவரவர் தேவைக்கேற்ப அதிலிருந்து மொண்டுகொள்ளலாம். மொழிச் சிக்கலும் பாதி தீரும். எண்ணுக்கு மொழியில்லை, மன்னம்பிட்டியைத் தமிழில் எழுதிக்கொள்ள எங்களுக்குத் தெரியும்.

நான் கேட்பது புதிய கருவியோ கோடிக்கணக்கில் பணமோ அல்ல. அதே அட்டவணை, அதே நேரம், பீடிஎஃப் கோப்பின் அருகே ஓர் எழுத்துக் கோப்பு. முகவரி மாறக்கூடாது, புலங்களின் ஒழுங்கும் மாறக்கூடாது. அடுத்த மாரிக்கு முன் இதைச் செய்ய என்ன தடை? பொறுப்பில் இருப்பவர்கள் பதில் சொல்லட்டும்.